குளியல் தொட்டியில் ஒரு கடல்

மார்லிஸ் ஹெக்லண்ட் சாமி கும்பிட ஆரம்பிப்பதற்கு எடுத்துக்கொண்ட காலத்தில் வேறொருத்தி கோயிலையே கட்டி முடித்திருப்பாள்.

எங்கள் வீடு டுலூத்தில், சுப்பீரியர் ஏரியைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. கீழே நான், மேலே அவள். வாசலும் படிகளும் இருவருக்கும் பொது. பழைய கிரேக்கத் தெய்வங்களை நான் கும்பிட ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. என் வழிபாடு பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. காலையில் காபி போட்டதும் முதல் சொட்டை அடுப்புப் பக்கத்துக் கிண்ணத்தில் ஊற்றுவேன். அடுப்புக்குரிய ஹெஸ்டியாவிடம், "தாயே, வீட்டைப் பாத்துக்கோ, நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு, வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடைக்கு ஓடுவேன். சாயங்காலம் வந்து கிண்ணத்தைக் கழுவுவேன். சில நாள் அதுவும் மறந்துபோகும். ஹெஸ்டியா இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

இதைப் பார்த்துத்தான் மார்லிஸுக்கு ஆசை வந்தது. வந்த ஆசையோடு நேராக என்னிடம் கேட்டிருந்தால் ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். அவள் இணையத்தில் போய்க் கேட்டாள். அங்கே இதற்கென்றே உட்கார்ந்திருக்கும் மேதாவிகள், எது தீட்டு, கை கழுவும் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது, எந்தத் தெய்வத்துக்கு எந்தப் பண்டம் ஆகாது என்று ஆளுக்கொரு சட்டம் பேசி அவளைக் கலங்கடித்துவிட்டார்கள். அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தாள். விளக்கு வாங்கினாள், கிண்ணம் வாங்கினாள். அதோடு நின்றது. அந்தத் தட்டின் மேல் ஒரு திராட்சைப் பழம்கூட ஏறவில்லை. சந்தேகங்கள் மட்டும் படியிறங்கி என்னிடம் வந்துகொண்டே இருந்தன.

"ஜோலின், கும்பிடும்போது தும்மல் வந்தா என்னடி பண்றது?"

"தும்மு."

"பேட்டரி விளக்கு வெச்சா மரியாதைக் குறைவா எடுத்துக்குவாங்களா?"

"மெழுகுவத்தி ஏத்தக் கூடாதுன்னு வீட்டு ஓனர்தானே எழுதி வாங்கியிருக்காரு? கோவம் வந்தா அவரைப் பாத்துக்கட்டும்."

"நான் லூத்தரன் சர்ச்சுல ஞானஸ்நானம் வாங்கினவ. அந்தப் பக்கம் ஏதாவது..."

"நீ கடைசியா சர்ச்சுக்குப் போனது உன் கல்யாணத்துக்கு. அங்க யாரும் உன்னைத் தேடலை."

"கிண்டல் பண்ணாதடி. சாமி குத்தமாயிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு."

"குத்தம் ஆகணும்னா முதல்ல எதையாவது பண்ணணும் மார்லிஸ். நீதான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே!"

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே மகன், டோரன். இருபத்தாறு வயது. வசந்த காலத்தில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். நவம்பர் மாதத்துச் சுப்பீரியர் ஏரியைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பல்காரர்கள் வீட்டுப் பெண்கள் அந்த மாதம் முழுக்க வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டேதான் சமைப்பார்கள். மார்லிஸ் தெய்வங்களிடம் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. பிள்ளை முழுசாக வீடு வந்து சேர வேண்டும். அதைக் கேட்கத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

"போசைடனைக் கூப்பிடலாம்தான்" என்றாள் ஒரு நாள். "ஆனா அவர் கடலுக்குத்தானே சாமி? இது நல்ல தண்ணி ஏரி. அவரோட எல்லைக்குள்ள வருமா? வராத இடத்துல அவரைக் கூப்பிட்டு, ஏரிக்குன்னு இருக்கிற தேவதைங்க முறைச்சுக்கிட்டா?"

"ரெண்டு பேரையும் கூப்பிடு."

"யாரை முதல்ல?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"உனக்கென்னடி தெரியும்? பழைய கதையில ஒரு மனுஷனை வீடு போய்ச் சேரவிடாம வருஷக்கணக்கா கடல்ல அலையவிட்டவர் அவரு."

"அந்த ஆளு அவரோட பிள்ளை கண்ணையே குத்தினான். நீ மிஞ்சிப்போனா பேரை மாத்திச் சொல்லுவே. ரெண்டும் ஒண்ணா?"

அவள் சமாதானமாகவில்லை. சமாதானமாவதற்காக அவள் கேட்டதும் இல்லை.

நவம்பர் பாதியில் அந்தக் காற்று வந்தது. ராத்திரி முழுக்க ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. விடிந்தபோது மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, தெருவும் படியும் கண்ணாடியாகியிருந்தன. பனிக்கட்டி கரைய வாசலில் வைத்திருக்கும் மூட்டையிலிருந்து நான் இரண்டு கை உப்பை அள்ளிப் படியில் தூவி, அது வேலை செய்கிற வரைக்கும் நிற்கப் பொறுமையில்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கி வேலைக்குப் போனேன். டோரனின் கப்பல் அப்போது ஏரியில் இருந்தது. அவன் போன் எடுக்கவில்லை.

கடையில் அன்று சரியான கூட்டம். ஊரே உப்பு மூட்டை வாங்க வந்திருந்தது. அதற்கு நடுவே மார்லிஸ் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"குளிக்கிற தொட்டியில கால்வாசித் தண்ணி, அது கடல் மாதிரி ஆகணும்னா எவ்வளவு உப்பு போடணும்?"

"இங்க படிக்குத் தூவற உப்புதான் இருக்கு. கடல் வேணும்னா பாஸ்டனுக்குப் போ" என்றேன், ரசீது கிழித்துக்கொண்டே.

"அந்த உப்புதான் வாசல்லயே ஒரு மூட்டை இருக்கே" என்று முனகிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அன்று சீக்கிரம் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு நான் வீடு திரும்பியபோது படிக்குக் கீழே பனியில் ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் டோரன்.

"வாங்க ஆன்ட்டி" என்றான், வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்கிற மாதிரி. "எழுந்திருக்க முடியல. கணுக்கால் போயிடுச்சு."

"எப்படா வந்தே? எத்தனை நேரமா இப்படி உட்கார்ந்திருக்கே?"

"இப்பதான் விழுந்தேன். மத்தியானமே கரைக்கு வந்துட்டோம். அம்மா இல்லையா? மணி அடிச்சு அடிச்சு விரலே மரத்துப்போச்சு. ஜன்னலுக்குக் கீழ நின்னு கத்திப் பாக்கலாம்னு இறங்கினேன், படி வாரிவிட்டுடுச்சு."

"சாவி எங்க? போன் எங்க?"

"சாவி கப்பல்ல, என் பையில. போன் கதை அப்புறம் சொல்றேன். ராத்திரி பூரா அந்த ஆட்டம் ஆடிச்சு கப்பல், நான் ஒரு தடவை விழல. இங்க வந்து விழுந்தேன் பாருங்க."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, என் கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தினேன். காலையில் நான் தூவிய இரண்டு கை உப்பை அதன் பிறகு பெய்த மழை எப்போதோ கழுவியிருந்தது. மறுபடி தூவலாம் என்று மூட்டையைத் தேடினேன். மூட்டை காலியாக, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்து வைக்கிற பழக்கம் இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

மேலே ஓடினேன். அவள் குளியலறையில் இருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை உடுப்பு. தொட்டியில் கலங்கலான தண்ணீர், அடியில் கரையாத உப்பு. பேட்டரி விளக்குக்குப் பயந்தவள், அந்தக் காற்றில் தன்னந்தனியாகக் கரைக்குப் போய், வாளி வாளியாக ஏரியை மொண்டு வந்து மாடி ஏற்றியிருக்கிறாள். ஏரி போசைடனின் எல்லையில் வருமா வராதா என்ற வழக்கு தீராததால், ஏரியையே கடலாக்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறாள். சமையல் உப்பு முழுக்கக் கொட்டியும் தண்ணீர் கடலளவு கரிக்கவில்லை என்று படிக்கு வைத்திருந்த மூட்டையையும் கொட்டிவிட்டாள். காதில் ஹெட்போன், அதில் குழலோசை. பலி கொடுக்கும்போது அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்று அந்தக் காலத்தில் குழல் ஊதுவார்கள். கெட்டிமேளத்துக்கு என்ன வேலையோ அதே வேலை. அதையும் விடாமல் கடைப்பிடித்திருந்தாள்.

இரண்டு கையையும் தொட்டிக்கு மேல் நீட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய, உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் குடுங்க. வேற ஒண்ணுமே வேண்டாம். திருப்பிக் குடுங்க."

நான் ஹெட்போனைப் பிடுங்கினேன்.

"திருப்பிக் குடுத்தாச்சு. வாசல்ல கிடக்கு. வந்து எடுத்துக்கோ."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும், "அப்ப அந்த மணி..." என்றாள்.

"கேட்டுச்சா உனக்கு?"

"லேசா கேட்டுச்சு. கும்பிடறதைக் கலைக்கத்தான் என்னமோ வருதுன்னு சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டேன்."

அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்கக் கப்பலேற முடியாது என்றார்கள். மறுநாள் அவனை அவள் வீட்டு சோபாவில் கிடத்தினோம். மார்லிஸ் அவனுக்குச் சூப் கொடுத்தாள், தலையணை வைத்தாள், போர்வையைச் சரிசெய்தாள். அப்புறம் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இது யாரோட கோவம்டி? போசைடனா? இல்ல ஏரிக்காரங்களா? கடலுப்பு போடாம படி உப்பு போட்டதாலயா?"

"உப்போட கோவம். வாசல்ல இருக்க வேண்டியதைத் தூக்கித் தொட்டியில கொட்டினா வாசல் சறுக்காம என்னடி செய்யும்? இதுக்கு ஒலிம்பஸ்லேர்ந்து யாராவது இறங்கி வரணுமா?"

"அம்மா," என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. "எனக்குக் குளிக்கணும். அந்தத் தொட்டி எப்ப காலியாகும்?"

"அதை வடிக்கலாமா கூடாதான்னு தெரியலைடா. நேர்ந்து விட்ட தண்ணி."

டோரன் சிரித்தான். கால் வலித்ததும் நிறுத்திக்கொண்டான். அப்புறம் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"நானும் ஒண்ணு பண்ணினேம்மா. முந்தாநாள் ராத்திரி."

நாங்கள் இருவரும் அவன் பக்கத்தில் போய் நின்றோம்.

"அலை தளத்து மேல ஏறி இறங்குது. குடலே வாய்க்கு வருது. கையில பாதி கடிச்ச சாண்ட்விச். நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்களே, படையல் அது இதுன்னு, அது ஞாபகம் வந்துச்சு. கதவைக் கொஞ்சமா திறந்து, 'யாரா இருந்தாலும் சரிங்க, இதை வெச்சுக்கோங்க, எங்கம்மா ஒத்தையா இருக்காங்க, என்னை வீட்டுக்கு விட்டுடுங்க'ன்னு சொல்லி வீசிட்டேன். வீசின வேகத்துல சட்டைப் பையிலிருந்த போனும் சேர்ந்து போயிடுச்சு."

"நல்லதாப் போச்சு," என்றேன். "இனிமே உங்கம்மா சந்தேகத்தையெல்லாம் நேரா போன் பண்ணியே கேட்டுக்கலாம்."

மார்லிஸ் சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தாள். என்னவோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கை கழுவினியாடா?" என்றாள்.

டோரன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். அவள் கேட்டது அவள் காதிலேயே அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். முகம் மெல்லக் கோணிக்கொண்டு வந்தது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன், அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு சோபாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, மாவுக்கட்டின் மேல் தலையைச் சாய்த்து, மூக்கு ஒழுக அழுதாள்.

"பேரு கூடச் சொல்லலையா நீ?"

"தெரியாதேம்மா."

"எச்சில் சாண்ட்விச்சு."

"ஆமா."

"அதுக்கே விட்டுட்டாங்களா," என்றாள். "அதுக்கே விட்டுட்டாங்களா."

எனக்கும் கண் கலங்கியது. சூப் ஆறுவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், மார்லிஸ் கையில் வாளியோடு படியில் நிற்கிறாள். தலை வாரவில்லை, இரவு உடுப்பின் மேல் கோட்டு. தொட்டியிலிருந்த கடலை மொண்டு மொண்டு கொண்டுவந்து ஒவ்வொரு படியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். பனிக்கட்டி நொறநொறவென்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"நேர்ந்து விட்டதாச்சே," என்றேன்.

"வாசலுக்குத்தான் வேணும் இது." கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த காபிக் கோப்பையை எடுத்து, ஏரி இருக்கும் திசையில் ஒரு வாய் ஊற்றினாள். "ரொம்ப நன்றிங்க. பிள்ளை தூங்கறான்," என்றாள் ஏரியைப் பார்த்து. பேர் சொல்லவில்லை. மிச்சத்தை அவளே குடித்தாள்.

இத்தனை மாதம் நான் பட்ட பாட்டுக்கு அப்படியே விட்டுவிட முடியுமா?

"கை கழுவினியாடி?"

அவள் உப்புத் தண்ணீர் சொட்டும் இரண்டு கையையும் என் கோட்டிலேயே அழுத்தித் துடைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டாள்.

"பேசாம போ. பாத்து இறங்கு."