அசரியாவின் பாட்டு

ட்ருசில்லா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்ததும் மேடையில் நின்ற மேவிஸ் கிதாருக்குச் சுருதி சேர்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். நாற்பது வருஷமாக வான்கூவர் முதல் ஹாலிஃபாக்ஸ் வரை அவள் பாடாத ஊரில்லை. பிறந்த இந்த நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடி ஊரில் மட்டும் அந்தப் பாட்டைப் பாடியதே இல்லை. ஒரு தடவை தொண்டைக்கட்டு, ஒரு தடவை பனிமூட்டம் என்று ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சோறு போட்டதே அந்தப் பாட்டுதான். குடிவெறியில் புயலுக்குள் படகை விட்டு, தன்னோடு ஆறு பேரையும் மூழ்கடித்த அசரியாவின் கதை. அசரியாவா குடிப்பான்? ஒரு சொட்டு தொட்டதில்லை பாவி மனுஷன். போகாவிட்டால் நாளையிலிருந்து உனக்குப் படகில்லை என்று அவனைக் கடலுக்கு விரட்டியவர் படகு முதலாளி லியாண்டர், மேவிஸின் அப்பா. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அவளே காதால் கேட்டாள். ஆனால் பாட்டு எழுதும்போது அப்பா உயிரோடு இருந்தார். செத்தவன் எழுந்து வந்தா கேட்கப்போகிறான் என்று பழியை அசரியா மேல் போடத் துணிந்துவிட்டாள். ஆனால் அசரியாவின் பெண்டாட்டி ட்ருசில்லா இருந்தாள்.

சற்று முன்னால் அவள்தான் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“அந்தப் பாட்டப் பாடு கண்ணு. ரேடியோல கேட்டது போதும். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேக்கணும்.”

“தொண்ட சரியில்ல அத்தை.”

“அதுக்குத்தானே டீ.”

வேறு வழியில்லை, பாடினாள். இந்த ஊரில் பாட்டின் கடைசி வார்த்தையைப் பாட மாட்டார்கள். ராகத்தை நிறுத்திவிட்டு வெறும் பேச்சாகச் சொல்வார்கள். அதைச் சொல்லும்வரை ஒருத்தரும் கை தட்ட மாட்டார்கள். வெளியூர்களில் அவள் அதையும் பாடியே முடித்துவிடுவாள். ராகத்தோடு போனால் பொய் அவ்வளவாக உறுத்தாது.

ஏழு பேரையும் கொன்றது யார் என்ற வரியோடு கிதார் நின்றது. இனி ஒரே ஒரு பெயர்தான் பாக்கி. கூடம் மொத்தமும் காத்திருந்தது. இந்தக் கூடத்தைக் கட்டிக்கொடுத்த அப்பா சுவரில் படமாக இருந்து பார்த்தார். ட்ருசில்லா கண் இமைக்கவில்லை.

“லியாண்டர்,” என்றாள் மேவிஸ். “எங்கப்பா.”

யாரும் கை தட்டவில்லை. எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ட்ருசில்லா மெல்ல எழுந்து, ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல கண்ணு. இன்னொருக்கா சொல்லு.”

மேவிஸ் மைக்கிடம் குனிந்தாள். அவள் மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது.