கிடைக்குமா?

சுந்தரேஸ்வரி எட்டாம் வகுப்புக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் நடத்த ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. உலக உருண்டையில் எந்த ஊரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்துவிடுவாள். ஆனால் கோவில்பட்டியில் பஸ் ஏறினால் எந்த சீட்டில் உட்காருவது என்று தெரியாது. ஜன்னலோரம் காலியாகவே இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம், "இங்கன ஆள் வருதாங்களா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்வதற்குள் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவளிடம்தான் பொன்மணி இடம் பார்க்கிற வேலையை ஒப்படைத்தாள்.

பொன்மணியும் வேலுத்தாயும் அவளோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். பொன்மணிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வேலுத்தாய் புதியம்புத்தூரில் பதினாறு தையல் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து எங்காவது ஒரு ராத்திரி தங்கவேண்டும் என்று வருஷா வருஷம் போனில் பேசுவார்கள். இடம், தேதி, என்ன சாப்பாடு என்பது வரைக்கும் வந்துவிடும். கடைசியில் சுந்தரேஸ்வரி, "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்பாள். அந்த வருஷம் அதோடு முடிந்துவிடும்.

2008 மார்கழி பிறந்த அன்றைக்குப் பொன்மணி கூப்பிட்டாள்.

"ஏட்டி, இந்தத் தடவை காட்டுல டென்ட் அடிச்சுத் தங்குதோம். ஜியோகேச்சிங் பண்ணுதோம்."

"அது என்னது?"

"ஒரு டப்பாவை எங்கயாவது ஒளிச்சு வச்சு, அது இருக்கிற இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையை இன்டர்நெட்ல போட்டுரணும். முன்னப் பின்னத் தெரியாத ஆளுக அந்த நம்பரை வச்சுத் தேடி வருவாக. டப்பாவை எடுத்து, உள்ள இருக்க நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, இருந்த இடத்துலயே வச்சிட்டுப் போவாக."

"வச்சிட்டுப் போகவா அவ்வளவு தூரம் வருவாக?"

"ஆமா."

"அதுக்கு டப்பாவை ஒளிக்காமலே இருந்துட்டா?"

பொன்மணி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். இடம் எப்படி இருக்கவேண்டும் என்று சொன்னாள். தரை சமமாக, காய்ந்து இருக்கவேண்டும். தலைக்கு மேலே வானம் திறந்து கிடக்கவேண்டும், அப்போதுதான் ஜி.பி.எஸ். கருவி வேலை செய்யும். டப்பா ஒளிக்கப் பொந்து வேண்டும். முக்கியமாக, நிலத்துக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கவேண்டும்.

"இடம் நீதான் பார்க்கணும். இந்தத் தடவையும் கேட்டுச் சொல்லுதேன்னு இழுத்தேன்னா, இனிமே ஒன்னைக் கூப்பிட மாட்டேன் சுந்தரி. கோவத்துல சொல்லலை. எனக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலிச்சுப்போச்சு."

கோபத்தில் சொல்லியிருந்தால் தேவலை. கோபம் என்றால் நாலு நாளில் வடிந்துவிடும். சலிப்பு அப்படி இல்லை. போனை வைத்த பிறகும் சுந்தரேஸ்வரி அடுப்படியில் அப்படியே நின்றாள். கூப்பிடாத ஒரு பொன்மணியை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

கணவர் முத்துகிருஷ்ணன் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இடம் கெடச்சாத் தாராளமாப் போயிட்டு வா" என்றார். லாட்டரி விழுந்தால் பங்களா வாங்கிக்கொள் என்கிற தொனி அது. அவர் கெட்டவர் இல்லை. அவளைத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் திங்கள், செவ்வாய் சாயங்காலங்களும் அவள் இடம் தேடினாள். கண்மாய்க் கரை சமமாக இருந்தது. ஆனால் விடியற்காலையில் ஊர் மொத்தமும் செம்பைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருகிறது என்று ஆடு மேய்த்த அம்மாள் ஒருத்தி சொன்னாள். கயத்தாறுப் பக்கம் காற்றாலையின் அடியில் நல்ல இடம் இருந்தது. வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்து, "வீட்டுல ஏதும் சண்டையாம்மா?" என்று கேட்டார். மற்ற இடமெல்லாம் கரிசல். மார்கழியில் கரிசல் காட்டில் வெறும் தரை ஏது? பருத்தியும் உளுந்தும் மிளகாயும் இடம் விடாமல் நின்றன. வரப்பில் பத்து எட்டு வைப்பதற்குள் ஈர மண் செருப்பில் அப்பி, காலுக்கு ஒரு கிலோ கூடியது. கூடாரத்தின் ஆணியை அடித்தால் மண் ஆணியையே விழுங்கிவிடும்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு விளாத்திகுளம் பஸ்ஸில் போனாள். பாதி வழியில் ஜன்னலுக்கு வெளியே, கறுப்பு மண்ணுக்கு நடுவில் சிவப்பாக ஒரு சரள் மேடு தெரிந்தது. ஒரு பயிரும் இல்லை. ஓரத்தில் பொந்து விழுந்த ஒற்றை வேப்பமரம். விசில் அடிக்கச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த ஊர் விலக்கு நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

மேட்டடியில் ஒருவர் உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். பனிக்குக் காதை மூடித் துண்டைச் சுற்றியிருந்தார். பெயர் ஆறுமுகசாமி, மேடும் அவருடையதுதான்.

"அண்ணாச்சி, இந்த சனிக்கிழமை ஒரு ராத்திரி மட்டும், இந்த இடம் கெடைக்குமா?"

அவர் எழுந்து நின்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கெடைக்கா? ஏன் ஆகாது தாயி! பேஷா ஆகும். ஊரெல்லாம் வெள்ளாமை நிக்கையில வேற எவன் இடம் குடுப்பான்? எத்தனை பேரு வாரீக?"

"மூணு பேரு."

"மூணு பேருன்னா…" விரலை மடக்கினார். "ஒரு முந்நூறு இருக்கும்."

வாடகை கேட்கிறார் என்று சுந்தரேஸ்வரி நினைத்தாள். "சரி அண்ணாச்சி, முந்நூறே இருக்கட்டும். முன்பணம் இப்பவே தாரேன்."

"நீங்க எதுக்குத் தாரீக? நாங்கல்லா ஒங்களுக்குத் தரணும்!"

அவள் நெகிழ்ந்துபோனாள்.

"எல்லாம் பொட்டைகதானா?"

பேச்சு கொஞ்சம் முரடாக இருந்தாலும் மனசு தங்கம் என்று எண்ணிக்கொண்டாள். "ஆமா, பொம்பளைங்க மட்டும்தான்."

"குட்டிக உண்டா?"

"பிள்ளைகளை வீட்டுல விட்டுட்டு வந்திருவோம்."

"அதான் சரி. குட்டி கெடந்தா நரி சுத்தும். நாய் கொண்டாருவியல்லா?"

"நாய் இல்லையே."

"சரி போவுது. நான் வேலி கட்டித் தந்திருதேன். தண்ணியும் ஊத்தி வைக்கேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குக் கண் கலங்கியது. தங்க இடம் கேட்டால் இடமும் கொடுத்துப் பணமும் தருகிறேன் என்கிற மனுஷன் இந்தக் காலத்தில் உண்டா? இந்த மாதிரி மனிதர்களைப் பற்றி ஏன் பாடப்புத்தகத்தில் போடுவதில்லை?

எட்டயபுரத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. ரோடு முழுக்கச் செம்மறி ஆடுகள். கண்டக்டர் படியில் தொங்கியபடி ஆட்டுக்காரரிடம் கத்தினார். "ஏலே, எங்கலே இம்புட்டையும் பத்திட்டுப் போற? யாரு காட்டுல கெடை? ஒரு முந்நூறு உருப்படி இருக்குமா?"

கிடை. முந்நூறு உருப்படி. பொட்டை. குட்டி. நரி.

சுந்தரேஸ்வரி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இடம் கிடைக்குமா என்று அவள் கேட்டிருக்கிறாள். இடம் கிடைக்கு ஆகுமா என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. உரத்துக்காக ஆட்டு மந்தையை ராத்திரி வயலில் கிடத்தினால் நிலத்துக்காரர்தான் கூலி தருவார். அதுதான் இந்தச் சீமை வழக்கம். அந்த மொட்டைச் சரளில் ஆட்டுப் புழுக்கை விழப்போகிறது என்றுதான் மனுஷன் அப்படி மலர்ந்திருக்கிறார்.

இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். எப்போதும் அதைத்தான் செய்வாள். எட்டணா அதிகமாக மீதி கொடுத்துவிட்ட கடைக்காரரைத் தேடி அரை மைல் நடந்தவள் அவள். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. சொன்னால் அவர் மறுப்பார். மறுத்தால் பொன்மணி கூப்பிட மாட்டாள். பொன்மணிக்குப் போன் போட்டு, அனுமதி வாங்கியாச்சு என்று மட்டும் சொன்னாள். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. யாரிடமும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் தனக்கென்று ஒரு விஷயத்தை வைத்திருப்பது அவளுக்கு இதுவே முதல் தடவை. அது ஒரு பொய் என்பது உறுத்தியது. உறுத்தலோடு சேர்ந்து லேசாக ஒரு குஷியும் இருந்ததுதான் அவளுக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பொன்மணியின் காரில் போய்ச் சேர்ந்தார்கள். பின் சீட்டில் வேலுத்தாய் தைத்த கூடாரம் இருந்தது. நைட்டிக்கு வாங்கி விற்காமல் போன துணி. மஞ்சளில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ.

"இதுக்குக் கழுத்து வைக்காம விட்டியே, அதுவே பெரிசு" என்றாள் பொன்மணி.

"பழக்கத்துல பாக்கெட் வச்சிட்டேன் பாத்துக்கோ. உள்பக்கம் ரெண்டு."

சரள் மேட்டைச் சுற்றி ஆளுயரத்துக்கு முள்வேலி கட்டியிருந்தது. உள்ளே கல் பொறுக்கிப் பெருக்கி, நீளமான தொட்டி நிறையத் தண்ணீர். பொன்மணி அசந்துபோனாள். "ஏட்டி சுந்தரி! வெளிநாட்டுல கூட இந்த ஏற்பாடு கெடையாது. குளிக்கத் தொட்டி வேறயா!"

ஆறுமுகசாமி சலவை வேட்டியில் வந்தார். கூடவே அவர் மனைவி பத்திரகாளி, வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர். அவர் காரைப் பார்த்தார். காருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"ஆடு பின்னால வருதா தாயி?"

"என்ன ஆடு?" என்றாள் பொன்மணி.

எல்லாரும் சுந்தரேஸ்வரியைப் பார்த்தார்கள். பொன்மணி தாழ்ந்த குரலில், "அனுமதி வாங்கிட்டேன்னு சொன்னியே, எதுக்குட்டி வாங்கின?" என்றாள்.

சுந்தரேஸ்வரிக்குக் காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பருப்பு வேகவைக்கலாம் என்றிருந்தது. அவள் முள்வேலியைப் பார்த்தாள். இரண்டு நாள் வேலை. அவர் கையில் முள் கிழித்த கோடுகள் இன்னும் ஆறவில்லை.

"ஆடு வராது அண்ணாச்சி" என்றாள். "நாங்கதான் ஆடு."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"மூணு உருப்படி. எல்லாம் பொட்டைக. குட்டிகளை வீட்டுல விட்டுட்டு வந்திருக்கோம்." மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். "நான் இடம் கெடைக்குமான்னு கேட்டேன். நீங்க ஆட்டுக் கெடைக்குன்னு நெனச்சுட்டீக. புதன்கிழமை பஸ்ஸுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திரும்பி வந்து சொல்லியிருக்கணும். சொன்னா இடம் தர மாட்டீகன்னு சொல்லலை. தப்பு என் மேலதான்."

முதலில் சிரித்தது பத்திரகாளி. சேலை முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் காரைப் பிடித்துக்கொண்டாள். "முந்நூறு ஆடு வருதுன்னு ரெண்டு நாளா கால் தரையில பாவலை இந்த மனுஷனுக்கு! அடுத்த வருஷம் இதுல கம்பு விதைக்கேன்னு அண்ணன்காரன்ட்ட பந்தயம் வேற!"

ஆறுமுகசாமி சிரிக்கவில்லை. "வேலியைக் கூட விடுங்க. இந்த மேட்டுல ஒரு வாட்டியாவது கெடை விழுந்திராதான்னு எம்புட்டு வருசமாப் பாக்கேன்" என்றார்.

அவர் இடம் இல்லை என்று சொல்லப் போகிறார், தாங்கள் கிளம்பவேண்டியதுதான் என்று அவளுக்குப் பட்டது.

"அண்ணாச்சி, என் வகுப்புல உச்சிமாகாளின்னு ஒரு பிள்ளை படிக்கு. மாசி பிறந்தா பள்ளிக்கூடத்துக்கு வராது. அப்பா கூட கெடைக்குப் போயிரும். அந்த அப்பாட்ட கேட்டுச் சொல்லு…"

வேலுத்தாயும் பொன்மணியும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுந்தரேஸ்வரிக்கே தன் குரல் காதில் விழுந்தது. நிறுத்தினாள்.

"இல்ல. கேட்டெல்லாம் சொல்ல மாட்டேன். மாசியில ஆட்டோட கூட்டிட்டே வாரேன். நானும் வாரேன். கோவில்பட்டியில வந்து விசாரிச்சா என் வீட்டைக் காட்டுவாக. வராட்டா அங்கன வந்து சட்டையைப் பிடிங்க."

"டீச்சரம்மாவுக்குச் சட்டை ஏது" என்றார் அவர். அப்போதுதான் மீசைக்குள் சிரிப்பு தெரிந்தது. "சரி, கெடங்க. கட்டின வேலி, சும்மா எதுக்குக் கெடக்கணும்?"

கூடாரம் நின்றபோது, தூரத்து ரோட்டில் போன பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. கடலை மிட்டாய் டப்பாவுக்குள் நோட்டையும் பென்சிலையும் போட்டு வேப்பமரப் பொந்தில் வைத்தார்கள். முதல் கையெழுத்தை ஆறுமுகசாமிதான் போடவேண்டும் என்று சுந்தரேஸ்வரி சொல்லிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. அவர் எழுத்துக் கூட்டி எழுதினார்: "ஆறுமுகசாமி. ஆடு வரலை."

ராத்திரி பனி நைட்டித் துணியில் இறங்கிச் சொட்டியது. மூன்று பேரும் நனைந்தபடி தூங்கினார்கள்.

விடிந்ததும் அவர் பால் செம்போடு வந்தார். மேட்டை ஒரு சுற்றுச் சுற்றித் தரையைக் குனிந்து பார்த்தார். "மூணு உருப்படி கெடந்த எடத்துல ஒரு புழுக்கையாவது உண்டா?" என்று நொந்துகொண்டார். வேலுத்தாய் சிரித்த சிரிப்பில் ஸ்டவ் அணைந்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. முத்துகிருஷ்ணன்.

"சுந்தரி, உள்ளபடியே ராத்திரி அங்கனயே தங்கிட்டியா? எங்க இருக்க?"

அவள் பொன்மணியின் கருவியை வாங்கிப் பார்த்து வாசித்தாள். "வடக்கே ஒன்பது டிகிரி எட்டு நிமிஷம். கிழக்கே எழுபத்தெட்டு டிகிரி ரெண்டு நிமிஷம்."

"அது எந்த பஸ்ஸு?"

"விளாத்திகுளம் பஸ்ஸுதான். நடுவுல இறங்கணும்."

"சரி, எப்ப வருவ? மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருவியா?"

சுந்தரேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பொன்மணி மறுபடியும் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் கூடாரத்தின் பாக்கெட்டுக்குள் கையை விட்டுச் சர்க்கரைப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இருங்க" என்றாள். "இவுகள்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."