டிபி குடும்பத்துக் கிருமி

வாண்டு என் தம்பி மகள். மூன்று வயது. அவளுக்கு வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தொட்டால் கூச்சப்பட்டுச் சிரித்தாள். பக்கத்து கிளினிக்கில் இரண்டு தடவை மருந்தை மாற்றிக் கொடுத்தும் கட்டி அசைந்து கொடுக்கவில்லை. ஆறு வாரத்தில் மேல்தோல் மெலிந்து கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. பெரிய மருத்துவமனையில், கையில் ஊசி குத்திப் பார்க்கும் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். குத்திய இடம் லேசாகத் தடித்தது. ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

முடிவு கேட்கப் போனது தம்பி மட்டும். யார் என்ன சொன்னாலும் பாதியைத்தான் காதில் வாங்குவான், மீதியை அவனே இட்டு நிரப்பிக்கொள்வான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "குடும்பத்துல டிபியாம்" என்றான். அவன் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? பத்தொன்பது வருடத்துக்கு முன் எனக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கிக் குணமானேன். அது அவளுக்கும் தெரியும். தம்பி வந்து சொன்ன அன்றைக்கே என் தட்டையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வாயைத் திறந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. என் மூச்சுதான் அந்தச் சின்னக் கழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டதோ?

அதுவரை வாண்டு பகலெல்லாம் என்னோடுதான் இருந்தாள். நான் செடி விற்கிறவள். என் நர்சரியில் தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டு அவளுக்குப் பொழுது போய்விடும். இப்போது பக்கத்து வீட்டில் விட்டார்கள். சாயங்காலம் வந்து, "அத்தை, திற" என்று கதவைத் தட்டுவாள். வேலை இருக்கிறது என்பேன். இன்னும் கொஞ்சம் தட்டிவிட்டு அவள் போகும்வரை, கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். இப்படியே மூன்று வாரம் ஓடியது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. புதிதாக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, அடுத்த முறை அவர்கள் மருத்துவமனைக்குக் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். குற்றவாளி நான்தான் என்றால் டாக்டர் வாயாலேயே கேட்டுவிடலாம். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நான் சொன்னதைக் கேட்டார், தம்பி பக்கம் திரும்பினார்.

"உங்க குடும்பத்துல டிபின்னா சொன்னேன்? டிபி குடும்பத்துக் கிருமின்னு சொன்னேன்."

தம்பி மேசையைப் பார்த்தான். அவனை அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன், மருத்துவமனையாயிற்றே என்று விட்டேன்.

இது காசநோய்க் கிருமிக்குப் பங்காளி என்றார் டாக்டரம்மா. முகஜாடை ஒன்றாக இருப்பதால் ஊசிப் பரிசோதனை ஏமாந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் காசநோய் தெரியவில்லை, குழந்தையின் நெஞ்சும் சுத்தம். இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவாது, மண்ணிலும் தண்ணீரிலும் கிடப்பது. மண் என்றதும் தம்பி மனைவி மறுபடியும் என்னைப் பார்த்தாள். என் நுரையீரல் தப்பித்தது, என் தொட்டி மாட்டிக்கொண்டது! பூங்காவிலும் குழாயிலும்கூட இருக்கும், எங்கே ஒட்டியதென்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மாதான் என்னைக் காப்பாற்றினார்.

கட்டியைக் கீறி விடக்கூடாது, கீறினால் மாதக்கணக்கில் ஒழுகும். பேசாமல் விட்டாலும் ஒரு வருடத்தில் தானே உடைந்து ஆறலாம், ஆனால் தோல் இவ்வளவு மெலிந்த பிறகு முழுதாக எடுத்துவிடுவதே நல்லது. பக்கத்தில் கீழுதட்டை இழுக்கும் நரம்பு ஓடுவதால் சில காலம் சிரிப்பு கோணலாக இருக்கலாம். எடுத்த கட்டியை ஆய்வகத்தில் வைத்து, கிருமியை வளர்த்துப் பார்த்து உறுதி செய்ய ஆறு, எட்டு வாரமாகும் என்றார்.

அதுவரை நிச்சயமில்லையா என்று தம்பி மனைவி கேட்டாள். ஏறக்குறைய நிச்சயம்தான், அத்தை ஒதுங்கியிருக்கத் தேவையே இல்லை என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் பின்னறையை விட்டு வரவில்லை. அவள் கூப்பிடட்டும் என்ற வீம்பு.

ஆபரேஷன் அன்று காலை, குழந்தை தூங்கும்வரை ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனாள். அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி நேரே என்னிடம் வந்தாள்.

"நான் போனா அழுதுடுவேன். இவ பயந்துடுவா. நீங்க தூக்கிட்டுப் போங்கக்கா."

"முடிவு இன்னும் வரலையே" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"அது வரும்போது வரட்டும்" என்று குழந்தையை என் தோளில் போட்டாள். அவளுக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது.

உள்ளே குளிர். மேசையில் படுக்க வைத்ததும் வாண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் மயக்க மருந்து முகமூடியை எடுத்து வருவதற்குள் வாண்டு என்னைக் கிட்டே வரச் சொன்னாள். பழக்க தோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன்.

"அத்தை, என் மேல இன்னும் கோவமா?"

"இல்லடி தங்கம்" என்றேன், அவள் முகத்தோடு முகத்தை வைத்து.