ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

"இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை காலையில ஒன்னு. தவறக் கூடாது."

"வேலை நாள்லயுமா மிஸ்ஸி?"

"பிரஷர் என்ன, லீவு நாள் பாத்தா வருது? தினமும்தான் அக்கா."

"போட்டா என்ன செய்யும்?"

"ஒடம்புல மிஞ்சி நிக்கிற உப்பையும் தண்ணியையும் வெளிய அனுப்பும். கொஞ்சம் அடிக்கடி ஒன்னுக்குப் போவீங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! போன வருஷம் பொகவந்தலாவை டவுன் கிளினிக்கில் நர்ஸ் ரிஃப்னா சொன்ன அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் நாகலெட்சுமிக்கு உதடு கோணும். ரிஃப்னாவின் நாற்காலியிலிருந்து நாலு எட்டு வைத்தால் கழிப்பறை. குழாயைத் திறந்தால் தண்ணீர், பக்கத்தில் சோப்பு. அவளுக்கு அவ்வளவுதான். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பவளுக்கு? இடுப்பு உயரத்துக்குத் தேயிலைச் செடி, அதற்குள் அட்டை, கீழே ரோடு. வளைவில் பஸ் திரும்பினால் ஜன்னல் பூராவும் முகங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் கம்போடு பின்னாலேயே நிற்கும் கங்காணி. அந்தக் கங்காணி அவளுடைய சொந்தப் புருஷன்.

அதனால் மலைக்குப் போகும் பெண்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. விடியற்காலையில் லயத்து வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி. அதோடு சரி, சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வீடு திரும்பும்வரை நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும். இப்படிப்பட்டவளிடம் போய், அடிக்கடி போவதற்கு ஒரு மாத்திரை! படித்தவர்கள் பேச்சு என்று நாகலெட்சுமி மனதுக்குள்ளேயே நொடித்துக்கொண்டாள்.

மாத்திரையை அவள் தூக்கி எறியவில்லை. தனக்குத்தானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி லீவான போயா நாள், அப்புறம் கிளினிக் இருக்கிற திங்கட்கிழமை. வீட்டில் இருக்கிற நாளுக்கு மட்டும் மாத்திரை. உள்ளே போன மருந்து ஊறி நின்று மிச்ச நாளையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள். அவளுடைய நம்பிக்கைக்குத் தோதாக, கிளினிக்கில் கையில் பட்டி சுற்றிப் பார்க்கும்போதெல்லாம், "நோர்மல் அக்கா, கெட்டிக்காரி" என்றாள் ரிஃப்னா. ஞாயிறும் திங்களும் சேர்ந்து போட்ட மாத்திரைக்குக் கிடைத்த பாராட்டு அது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அழகன் கங்காணிக்குத்தான் பெருமை தாங்கவில்லை. கோயில் வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும், பிள்ளைகளின் பரீட்சை முடிவைச் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"நம்ம வீட்டுல நூத்தி இருவத்தெட்டுக்கு எம்பத்திரெண்டு. ஒங்க வீட்டுல எவ்வளவு சின்னத்தம்பி?"

"அடப் போங்க கங்காணி, எங்க வீட்டுல அவளுக்கு ஏறுறது பிரஷர் இல்ல, கோவம்."

"கோவத்த அடக்கச் சொல்லுய்யா. லெச்சுமியப் பாரு, மலை ஏறி எறங்கியும் நோர்மல்!"

அந்த நோர்மல் பெண்மணிக்குக் கொஞ்ச நாளாகப் பின்கழுத்து வலித்தது. மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. யாரும் பார்த்துவிடாதபடி சேலை முந்தானையைச் சரிசெய்கிற பாவனையில் நின்றுகொள்வாள்.

பெருமை முற்றிப்போன அழகன், ஒரு புதன்கிழமை, ரிஸ்வி நானாவின் மருந்துக் கடையிலிருந்து பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். மனைவிக்கு அவர் வாங்கித் தந்த பொருள்களிலேயே சேலைக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, மலையிலிருந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்தவளின் கையில் பட்டியைச் சுற்றினார்.

"பேசாம இரு புள்ள. எல்லாரும் பாருங்க."

மெஷின் உறுமி, இறுக்கி, மெல்லத் தளர்ந்தது. நூற்று எழுபத்திரண்டு. அடியில் நூற்று ஆறு.

பார்க்க வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். களைப்பாக இருக்கும், கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று சாப்பிட்ட பிறகு மறுபடி பார்த்தார். பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை. அழகன் மெஷினைத் தட்டினார், குலுக்கினார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார்.

"ஏமாத்திட்டான்யா நானா!"

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் மெஷினை மேசையில் வைத்தார்.

"நானா, நீங்க குடுத்தது பிரஷர் மெஷினா, பொய் மெஷினா?"

ரிஸ்வி கோபப்படவில்லை. "கையக் குடுங்க கங்காணி" என்று சுற்றினார். நூற்று இருபத்தாறுக்கு எண்பது. பிறகு தன் கையிலும் சுற்றிக்கொண்டார். "எனக்குக் கொஞ்சம் கூடத்தான் ஈக்கி. அது பெருநாளைக்குச் சாப்பிட்ட சாப்பாடு. மெஷின்ல ஒரு பிழையும் இல்ல. எங்கட மெஷினோட சண்டை புடிக்காம வூட்டுக்காரியக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நோர்மல்ங்கிறது ஒரு நாள் பாத்து ஊருக்குச் சொல்ற விஷயமில்ல கங்காணி."

கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் கருவாட்டு உப்பைத் திட்டிக்கொண்டே போனார். கிளினிக்கிலும் அதையே தொடர்ந்தார்.

"கருவாடுதான் மிஸ்ஸி! நானும் தலபாடா அடிச்சுக்கிறேன், கேட்டாத்தானே!"

"வாரம் மூணு நாளு கருவாட்டுக் கொழம்பு இல்லன்னா தட்டத் தள்ளிவிடுறது யாரு?" என்றாள் நாகலெட்சுமி.

ரிஃப்னா சிரிக்கவில்லை. டாக்டர் எடுக்கச் சொன்ன இதயப் படத்தின் தாளை மேசையில் விரித்திருந்தாள்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா?"

"என்ன கேள்வி மிஸ்ஸி? நானே கையில எடுத்து, தண்ணியும் மோந்து குடுக்கிறேன்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழம."

"மத்த நாள்?"

அழகன் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சப்பாத்து போட்ட ஒருவர் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தார்.

"மத்த நாள் போடுறதில்ல. ஏன்னு என்னையக் கேக்காதீங்க மிஸ்ஸி. கங்காணியக் கேளுங்க. தேயில நெறையில நிக்கிறவ ஒன்னுக்குப் போகணும்னா எங்க போறதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

ரிஃப்னாவுக்கு முகம் சிவந்தது. ஒரு வருஷமாக இதைக் கேட்காமலே 'கெட்டிக்காரி' என்று சொல்லி அனுப்பியவள் அல்லவா. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, மேல நூத்தி இருவது, கீழ எம்பது. அந்த அளவுல இருந்தா நல்லது. நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறத் தாண்டி அப்படியே நின்னா அதுதான் வியாதி. மாத்திரை போட்ட நாள்ல எறங்கும், விட்டா ஏறும். ஊறியெல்லாம் நிக்காது. வலிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கவும் முடியாது, பிரஷர் பல பேருக்கு வலிக்கவே வலிக்காது."

"இந்தத் தாள்ல என்ன இருக்கு?"

"கொழுந்து சுமந்து சுமந்து ஒங்க தோள் எப்படித் தடிச்சிருக்கு? பாரத்த எதுத்துத் தள்ளித் தள்ளி இதயத்தோட சுவரும் அப்படித் தடிக்க ஆரம்பிச்சிருக்கு. தோள் தடிச்சா பலம். இதயம் தடிச்சா விரியிறதுக்கு எடமில்லாம களைச்சுப் போயிரும். இப்பவே கட்டுப்படுத்தினா தப்பிச்சுக்கலாம். இப்படியே விட்டா ஒரு நாள் மேட்டுல பாதியில நிக்க மாட்டீங்க, விழுந்துருவீங்க."

முந்தானை வித்தை வெளியே தெரிந்துபோனதே என்று நாகலெட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழகன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். இதற்கு முன் மற்றவர்கள் முன்னால் அவர் கையைப் பிடித்தது கல்யாணத்தன்று ஐயர் சொல்லித்தான்.

"டாக்டர் வேற மாத்திரை எழுதியிருக்காரு" என்றாள் ரிஃப்னா. "இது போட்டா அவ்வளவா ஒன்னுக்கு வராது. தினமும் போடணும். ஆனா பகல் பூரா தண்ணி குடிக்காம கெடந்தா அதுவும் ஒடம்புக்கு ஆகாது. அதுக்கு எங்ககிட்ட மாத்திரை இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் அழகன் கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல புள்ள?"

"ஒங்ககிட்டயா? எங்ககூட கொழுந்து எடுக்கிற நிலக்ஷிப் பொண்ணு ஒதுங்க ஓடைப் பக்கம் போனப்ப, 'மகாராணி நகர்வலம் போறாங்களா'ன்னு சத்தம் போட்டீங்களே, அந்த வாயிகிட்டயா?"

அழகன் ரெண்டு வளைவு வரை ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "நாளைக்குப் பெரட்டுல நானே தொரைகிட்டக் கேக்கிறேன்."

"கேட்டுக் கிழிச்சீங்க" என்றாள். ஆனால் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

காலையில் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒரு தாளை வாசித்தார். தோட்டத்தில் இதய நோய் விழிப்புணர்வு முகாம் நடக்கப்போகிறதாம். உப்பைக் குறைக்க வேண்டுமாம். எல்லாரும் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டுமாம்.

"நடக்கணுமாம்டி!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்தொரை, "ஏதும் கேக்கணுமா?" என்றார்.

அழகன் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். "சார்... நம்ம பொம்பளைங்களுக்கு... ஏழாம் நம்பர்ல... கொஞ்சம் வசதி..."

"என்ன வசதி கங்காணி?"

பொம்பளைகளை அதட்டியே பழகிய குரல் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. அழகன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் சார்... தண்ணி வசதி."

"தண்ணிதானே? ஒரு டேங்க் வச்சிருவோம்" என்றார் சின்னத்தொரை. கண்டாக்கு குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

அழகன் வியர்த்த முகத்தோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஆம்பளைதான், பாவம், என்று அவளுக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. கழுத்து வலித்தது. பின்னால் நிலக்ஷி தலை குனிந்து நின்றாள். பிள்ளைத்தாச்சி, அவளும் இன்றைக்குத் தண்ணீர் குடிக்கமாட்டாள். நாகலெட்சுமி புருஷனைத் தாண்டி முன்னால் போய் நின்றாள்.

"தண்ணி ஓடையில இருக்கு தொரை. குடிச்சா போறதுக்கு எடமில்லாமத்தான் நாங்க குடிக்கிறதில்ல. எங்களுக்கு ஏழாம் நம்பர் மலையில ஒரு கக்கூசு கட்டித் தாங்க."