அலை உடையாத இடம்

ஈயக்குண்டு காதோரமாகப் பறந்தபோது பிரேம்நாத் அதை ஏதோ வண்டு என்றுதான் நினைத்தான். அடுத்த நொடி, பக்கத்தில் மணலில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகில் டக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் படகின் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற வாஹித் பாஷாவின் கையில் நீளமான தூண்டில் ராடு மட்டும் இருந்தது. அறுந்த நைலான் நரம்பு காற்றில் அலைந்தது. வீசுகிற வேகத்தில் ரீலின் கம்பி வளையம் தானாக மூடிக்கொண்டதில், நரம்பு பாதியில் இழுபட்டு அறுந்து, அதன் நுனியில் கட்டியிருந்த குண்டு தன் போக்கில் பறந்திருந்தது.

"மேல பட்டுச்சா?" என்றான் வாஹித்.

"இல்ல."

"தலையில பட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

பிரேம்நாத் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அன்று முழுக்க, வாஹித் ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் அவன் படகுக்குப் பின்னால் போய் நின்றான்.

இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. பிரேம்நாத் கட்டிங், வாஹித் டெஸ்பாட்ச். ஒருமுறை கன்டெய்னரோடு சென்னைத் துறைமுகத்துக்குப் போன வாஹித், காத்திருந்த நேரத்தில் கடற்கரைக்கு நடந்துபோய், ஒரு ஆள் அலைக்கு எதிரே நின்று தூண்டில் வீசுவதைப் பார்த்துவிட்டு வந்தான். படகு இல்லை, வலை இல்லை. அந்த ஆளும் ஒரு ராடும் கடலும். அதற்குப் பிறகு கேன்டீனில் அவனுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. பிரேம்நாத்திடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. அவ்வப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே கிளம்பி, ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் என்று போய், மரக்காணத்துக்குத் தெற்கே ஆள் நடமாட்டமில்லாத ஒரு கரையில் இறங்குவார்கள். வாஹித்தின் மனைவி வஜீதாவைப் பொறுத்தவரை அது ஓவர்டைம்.

"சொன்னா விடமாட்டா. அவளுக்குத் தண்ணின்னாலே பயம்," என்பான் வாஹித்.

தண்ணீர் என்றால் பிரேம்நாத்துக்கும் பயம்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மணல் மட்டுமே கிடக்கிற ஆற்றின் கரையில் வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும். பாலாற்றில் பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. அவன் பார்த்தது நடு ஆற்றில் போன ஒரு எருமையை. அது கத்தவில்லை. தலையை மட்டும் மேலே வைத்துக்கொண்டு, எங்கோ போக வேண்டியிருப்பது போலப் பொறுமையாகப் போனது. பாலத்துக்கு அடியில் நுழைந்தது. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தான். வரவில்லை.

எது தப்பு என்பதைத் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டார்கள். குண்டு பறந்த பிறகு, ரீல் நரம்பின் முனையில் கெட்டியான நரம்பை முடிந்து குண்டை அதில் கட்டப் பழகினார்கள். ஒருநாள் பெரிதாக ஏதோ கடித்ததும் வாஹித் கரைக்கு நேராக இழுத்தான். திரும்பிப் போகிற அலையும் சேர்ந்து இழுத்ததில் நரம்பு அறுந்து, மீன் போயிற்று. அதற்கப்புறம், இழுக்கிற மீனோடு மல்லுக்கட்டாமல் அது போகிற பக்கமாகக் கரையோரம் நடக்க வேண்டும், அலை உள்ளே வரும்போது மட்டும் ரீலைச் சுற்ற வேண்டும் என்று புரிந்தது. கெளுத்தி மீனின் முள் பாதத்தில் ஏறி ஒரு வாரம் நொண்டிய பிறகு, வாஹித் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிற ஒருவனிடம் முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ் வாங்கி வந்தான். மீன் எங்கே இருக்கும் என்பதைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். வரிசையாக அலை உடைகிற கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாது. அங்கே நுரை இருக்காது. தண்ணீர் பச்சையாக, தெரு அகலத்துக்குச் சும்மா கிடக்கும். அங்கே வீசினால் கிழங்கான் மீன் கிடைத்தது. அது ஏன் அப்படி அமைதியாக இருக்கிறது என்று இருவருமே யோசிக்கவில்லை.

வாஹித் இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் இறங்கி வீசுவான். பிரேம்நாத்துக்கும் ஒரு ராடு வந்திருந்தது. ஆனால் அவன் கணுக்கால் நனைவதற்கு மேல் போனதில்லை. அதனாலேயே தூரமாக வீசக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. "முட்டி வலி" என்று சொல்லி வைத்திருந்தான். வாஹித் நம்பினானோ இல்லையோ, கேட்கவில்லை.

அந்த ஞாயிறு, புயல் சின்னம் கரையைத் தொடாமல் வடக்கே போய்விட்டதாகச் சொன்னதற்கு இரண்டு நாள் கழித்து, வானம் சுத்தமாக இருந்தது. அலைகள் மட்டும் இடைவெளி விட்டு, உயரமாக வந்தன. வாஹித் பச்சைத் தண்ணீரின் ஓரமாக இறங்கி நின்றான். வீசினான். திரும்பி பிரேம்நாத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் எழுந்த அலையை பிரேம்நாத்தான் பார்த்தான். "பாஷா" என்பதற்குள் அது விழுந்துவிட்டது.

நுரை வடிந்தபோது வாஹித் நின்ற இடத்தில் அவன் இல்லை. தலை பச்சைத் தண்ணீரில் தெரிந்தது. அவன் கத்தவில்லை. கைகள் மேலே வரவில்லை. முகம் மட்டும் கரையைப் பார்த்தபடி, யாரோ பின்னாலிருந்து நிதானமாக இழுப்பது போல உள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பிரேம்நாத்துக்கு விளங்கியது. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அது. அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை.

அவன் ஓடினான். முட்டி நனைகிற வரைக்கும் ஓடினான். காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போனதும் அவன் உடம்பு தானாக நின்றுவிட்டது. அடுத்த காலை எடுத்து வைக்கச் சொன்னான், கால் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தான். கரையில் ஒரு ஆள்கூட இல்லை.

"பூட்ஸ கழட்டு. பாஷா, பூட்ஸ கழட்டுடா."

கேட்டதோ என்னவோ, தலை ஒருமுறை முழுதாக உள்ளே போனது. பிரேம்நாத் மனதில் வஜீதாவின் வீட்டுக் கதவும் அதைத் தட்டுகிற தன் கையும் தெரிந்தன. தலை மறுபடி மேலே வந்தது.

கையில் இன்னும் ராடு இருப்பதை அப்போதுதான் உணர்ந்தான். பின்வாங்கி, நரம்பைச் சுற்றி எடுத்து, தூண்டில் முள் இரண்டையும் கத்தியால் அறுத்தான். குண்டையும் அறுக்கப் போய் நிறுத்தினான். குண்டு இல்லாவிட்டால் நரம்பு அவ்வளவு தூரம் போகாது. குண்டு இருந்தால், அந்தத் தலையில் விழுந்தால், அத்தோடு முடிந்தது. படகு விளிம்பில் பெயர்ந்த சில்லு கண்முன் வந்தது. வீசினான். பயத்தில் விரலைச் சீக்கிரம் விட்டதில் குண்டு பாதி தூரத்திலேயே விழுந்தது. சுற்றினான். சுற்றச் சுற்ற வாஹித் தூரமாகிக்கொண்டிருந்தான். இந்த முறை அவனுக்கு வலது பக்கம், வெகுதூரம் தள்ளிக் கண்ணை வைத்து, முழு பலத்தோடு வீசினான். குண்டு எங்கே போகிறது என்று பார்க்கிற தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

நரம்பு தொய்வாகக் கிடந்தது. காற்று அதை இடது பக்கம் சாய்த்தது. பிறகு, மீன் கடிப்பது போலவே, இரண்டு முறை வெட்டியது.

நேராக இழுக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். கரையோரமாக, அலை உடைகிற பக்கம் நோக்கி நடந்தான். ரீல் கிரீச்சிட்டு நரம்பை விட்டது. விடட்டும் என்று நடந்தான். அலை உள்ளே வரும்போது சுற்றினான். ஒருமுறை எடை சட்டென்று இல்லாமல் போனது. அறுந்துவிட்டது என்று நினைத்து அங்கேயே நின்றான். மறுபடி இழுத்தது. எவ்வளவு தூரம் நடந்தான் என்று தெரியவில்லை. பச்சைத் தண்ணீரைத் தாண்டி நுரைக்குள் வந்ததும் ஒரு அலை வாஹித்தைத் தூக்கிப் புரட்டிக் கரையில் போட்டது.

ஒரு காலில் பூட்ஸ் இல்லை. உள்ளங்கையில் நான்கு சுற்று சுற்றியிருந்த நரம்பு சதைக்குள் இறங்கியிருந்தது. தண்ணீரும் காலையில் குடித்த டீயுமாக வாந்தி எடுத்தான். வெகுநேரம் மணலில் குப்புறக் கிடந்தான். பிறகு சொன்ன முதல் வார்த்தை: "வஜீதாகிட்ட சொல்லாத."

திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் கைக்குத் தையல் போட்டார்கள். கண்ணாடி கிழித்துவிட்டது என்றான் வாஹித். தண்ணீர் குடித்ததைப் பற்றி அவனும் சொல்லவில்லை, பிரேம்நாத்தும் சொல்லவில்லை. வந்தவாசி தாண்டியதும் வாஹித்துக்கு இருமல் ஆரம்பித்தது. ஆரணியில் பிரேம்நாத் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான். வாஹித் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி வேனின் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்தான்.

"வேலூர்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு போலாமா?"

"எதுக்கு? பேஜார் பண்ணாத. வூட்டுக்குப் போனா சரியாயிடும்."

வேலூர் பைபாஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற இடத்தில் பிரேம்நாத் வேகத்தைக் குறைத்தான். வாஹித் கண்ணைத் திறந்து பார்த்தான். பிரேம்நாத் நேராக ஓட்டினான்.

வஜீதா கதவைத் திறந்ததும் பார்த்தது கட்டுப் போட்ட கையை.

"இன்னா ஆச்சு?"

"குச் நை, ஒண்ணுமில்ல. பேக்கிங் மிஷின்ல பட்டை இழுத்துடுச்சி."

அவள் பிரேம்நாத்தை உட்காரச் சொல்லிவிட்டு, ஈரத் துணி இருந்த பையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வாஹித் கட்டிலில் உட்கார்ந்து இருமினான். இருமலுக்கு நடுவே மூச்சில் ஈரமான ஒரு கரகரப்பு கேட்டது. பின்பக்கம் குழாய்ச் சத்தம் நின்றது. வஜீதா வந்து வாசலில் நின்றாள். அவள் ஈரக்கை முழுக்க மணல்.

"பிரேம் அண்ணா. மிஷின்ல ஏது இவ்ளோ மண்ணு?"

வாஹித் அவனைப் பார்த்தான். வேண்டாம் என்கிற பார்வை. பிரேம்நாத் தரையைப் பார்த்தபடி இருந்தான். அந்த முட்டியளவு தண்ணீரில் நின்றுவிட்ட கால்கள் இப்போதும் கனத்தன.

"கடல்ல விழுந்துட்டான்மா," என்றான். "நெறைய தண்ணி குடிச்சிட்டான். டாக்டர்கிட்ட சொல்லல. வழியெல்லாம் இருமுறான். எனக்கு பயமா இருக்கு."

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வாஹித்தின் அருகில் போனாள். மணல் கையைத் தன் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, அவன் சட்டையைத் தூக்கி, குனிந்து, முதுகில் காதை வைத்தாள்.

"மூச்ச இழுங்க," என்றாள்.

வாஹித் இழுத்தான். வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தமும் தூரத்து ஹைவேயில் லாரி ஓடுகிற சத்தமும் வந்தன. பிரேம்நாத் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான். வஜீதா கண்ணை மூடியிருந்தாள். காதைக் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தாள். மறுபடி கொஞ்சம் கீழே.