தோள் முத்திரை

கண்களுக்குச் சற்று மேலே, நெற்றியின் நடுவில் வைக்க வேண்டும். ஒரு விரல் தள்ளிப் போனாலும் பன்றி சாகாமல் கத்தும். லெஸ் துப்பாக்கியின் வாயை அங்கே அழுத்தி விசையை இழுத்தான். உள்ளிருந்த இரும்பு ஆணி ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு மண்டைக்குள் பாய்ந்து திரும்பியது. நான்கு கால்களும் ஒன்றாக மடங்க, பன்றி சிமெண்ட் தரையில் விழுந்தது. விழுந்த பிறகுதான் கால்கள் உதைக்க ஆரம்பித்தன. டோரு குனிந்து கழுத்தடியில் கத்தியை இறக்கிவிட்டு ஒதுங்கினான். ரத்தம் சாக்கடைக் கம்பிகளின் மேல் கொட்டி ஆவி பறந்தது.

அடுத்த பன்றி தானாகவே முன்னால் வந்து அந்த ரத்தத்தை முகர்ந்தது, நக்கவும் செய்தது. லெஸ் வழக்கமாகக் காது சொறிந்துவிடுகிற ஆள் என்பதால் அவனைப் பார்த்து முகத்தைத் தூக்கியது.

"இன்னைக்குக் கை மெதுவாப் போகுது பெருசு," என்றான் டோரு.

"கிரீஸ் பட்டிருக்கு. வழுக்குது."

"கிரீஸா?"

"கிரீஸ்தான்டா. நீ கத்தியப் பாரு."

லெஸ் கார்ட்டனுக்கு ஐம்பத்தேழு வயது. பதினாறு வயதில் பன்றிக் கொட்டகைக்குள் வந்தவன். யார்க்‌ஷயரின் இந்தக் கிழக்கு மூலையில், கடற்காற்றுக்கும் சாணி நாற்றத்துக்கும் நடுவில், அவன் வேறு வேலை பார்த்ததில்லை. டோரு ருமேனியாக்காரன். வந்து பத்து வருஷமாகிறது. முன்பு பண்ணையில் ஆறு பேர் இருந்தார்கள். இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

பன்றிகளுக்கு நோய் ஒன்றுமில்லை. ஆகஸ்டிலேயே நகரத்து அறுப்புக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டியவை. அங்கே கத்தி பிடித்தவர்கள் போலந்துக்காரர்களும் ருமேனியாக்காரர்களும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட் முடிந்து, சட்டம் மாறி, போனவர்கள் திரும்பி வரவில்லை. புது ஆட்களுக்கு அனுமதி இல்லை. கூடத்தில் பாதி வரிசை ஓடாமல் கிடந்தது. லாரி வருகிறது என்றார்கள், வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள், அதுவும் இல்லை. பன்றிக்கு இதெல்லாம் தெரியுமா? அது தின்றது, பெருத்தது. பட்டியில் படுக்க இடமில்லாமல் ஒன்றின் வாலை ஒன்று கடித்தது. பின்கொட்டகையில் பெட்டைகள் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன.

செத்த ஒவ்வொன்றின் தோளிலும் பண்ணையின் எண் நீலமாக இருந்தது. அறுப்புக்கூடத்துக்குப் போகிற பன்றிக்குத்தான் அதைக் குத்துவார்கள்; லாரியை நம்பி லெஸ் குத்திய முத்திரை. முத்திரை குத்திய பன்றியைத் தன் கையாலேயே கொன்று குப்பைக்கு அனுப்புவது அவனுக்கு இதுதான் முதல் முறை.

கொட்டகை வாசலில் முதலாளி ஹிலரி வந்து நின்றாள். புருஷன் போன பிறகு பண்ணையைத் தனியாக நடத்துகிறவள். ரத்தத்தைப் பார்க்காமல் லெஸ்ஸின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"கிரேல் வந்துக்கிட்டிருக்காரு. எம்.பி.யே நேர்ல வர்றாரு லெஸ். வெட்டுற ஆளுங்களுக்கு அனுமதி வாங்கித் தர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா, ரெண்டாம் கொட்டகைப் பன்னிங்களக் கொல்லாம விட்டுடலாம். இல்லேன்னா அதையும் முடிச்சுட்டுப் பண்ணையப் பூட்ட வேண்டியதுதான்."

"அப்ப நாங்க?"

"அதான் சொல்றேனே. நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்."

"தொறக்கல."

"சத்தியமா?"

"தொறக்கலன்னு சொல்றேன்ல."

செத்தவற்றை டிராக்டர் வாளியில் அள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். இரண்டாம் கொட்டகையிலிருந்து பத்துப் பதினைந்து நல்ல பன்றிகளை முற்றத்துப் பட்டிக்கு ஓட்டி வந்தார்கள். கிரேல் வந்து பார்க்கும்போது லெஸ் முத்திரை குத்திக்கொண்டிருக்க வேண்டும், லாரிக்குத் தயாராக இருப்பதாகத் தெரிய வேண்டும் என்பது ஹிலரியின் ஏற்பாடு.

பன்றி ஓட்டக் கையில் பலகை வேண்டும். எதிரே சுவர் நிற்பதாக நினைத்துப் பன்றி திரும்பும். டோரு பிடித்திருந்த பலகை வாக்கெடுப்பு வருஷத்தது. 'வெளியேற வாக்களியுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. அந்த வருஷம் கிரேல் தானே வந்து அதைச் சாலையோர வேலியில் அறைந்தார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டது லெஸ். "உன் மாதிரி ஆளுக்காகத்தான்பா இதெல்லாம்" என்று அன்று அவன் முதுகில் தட்டினார். லெஸ்ஸும் அப்படியே ஓட்டுப் போட்டான். ஜெயித்த பிறகு, நல்ல பலகை வீணாகப் போகிறதே என்று லெஸ்தான் கழற்றி, கை நுழைக்க ஓட்டை அறுத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். பன்றிகள் மூக்கால் உரசி உரசி எழுத்து பாதி போயிருந்தது.

அன்று அதை முதலில் கையில் எடுத்தபோது டோரு சொன்னான்: "என்னைய வெளிய போகச் சொல்ற பலகைய என் கையிலயே குடுக்குற."

"உன்னையச் சொல்லலடா. பன்னியச் சொல்றேன்," என்றான் லெஸ்.

அது இரண்டு பேருக்கும் பழைய சிரிப்பு.

கிரேலின் கார், நோய் ஒட்டி வராதபடி வாசலில் சக்கரம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தது. கொட்டகைக்குள் போவதானால் குளித்து, பண்ணை உடுப்புக்கு மாறித்தான் போக வேண்டும் என்றாள் ஹிலரி. "முற்றமே போதும்," என்றார் அவர். மடிப்புக் கலையாத வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டார். கூட வந்த பெண் கேமராவை ஒரு குச்சியில் நிறுத்தினாள். அவள் கண் தார்ப்பாய்ப் பக்கம் போயிற்று.

"அது என்ன அங்க?"

"காலைல கொன்னது," என்றாள் ஹிலரி.

"அது படத்துல வர வேண்டாம். சார், நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க."

லெஸ் முத்திரைச் சுத்தியலை மையில் தோய்த்தான். நீளக் கைப்பிடி, தலை நிறைய ஊசிகள். எண்ணின் வடிவத்தில் நிற்கிற ஊசிகள். ஓங்கிப் பன்றியின் தோளில் அறைந்தான். பன்றி வீரிட்டு முன்னால் பாய்ந்தது. ஊசி இறங்கிய இடத்தில் நீலமும் சிவப்பும் கசிந்தன.

ஹிலரி கேட்டுவிட்டாள். குரல் கெஞ்சலுக்கு இறங்கியது. "ஒரு ஆறு மாசத்துக்கு மட்டும் வெட்டுற ஆளுங்கள விடச் சொல்லுங்க. எங்களுக்கு அது போதும்."

"மக்கள் தீர்ப்பு குடுத்துட்டாங்க ஹிலரி. மறுபடி கதவைத் தொறக்கச் சொல்றீங்களா? நல்ல கூலி குடுங்க, உள்ளூர்ப் பசங்க வருவாங்க."

"இந்த வேலைக்கு என் பையனே வரல," என்றாள் ஹிலரி.

"வருவாங்க. கொஞ்சம் பொறுமை வேணும்." அவர் லெஸ் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நீங்களும் வெளியேறத்தான ஓட்டுப் போட்டீங்க?"

லெஸ் ஹிலரியைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

கேமராப் பெண் கையை உயர்த்தினாள். "சார், ஒரு நிமிஷம். அந்தப் பலகை தெரியுது. எழுத்து."

கிரேல் அப்போதுதான் அதைப் பார்த்தார். சாணி அப்பிய எழுத்துகளை உற்றுப் பார்த்தார். தன் பலகை என்று தெரிந்ததா இல்லையா, முகத்தில் ஒன்றுமில்லை. டோருவிடம் விரலை அசைத்தார்.

"தம்பி, அதை அந்தப் பக்கம் போட்டுடு. பார்க்க அசிங்கமா இருக்கு."

டோரு பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றான்.

"இப்ப இன்னொரு தடவ அந்தச் சுத்தியால அடிங்க," என்றார் கிரேல். "நல்லாத் தெரியற மாதிரி."

லெஸ் சுத்தியலை மையில் தோய்த்தான். நிதானமாக இரண்டு பக்கமும் தோய்த்தான். பட்டிக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவன் பன்றியைப் பார்க்கவில்லை என்பது டோருவுக்கு மட்டும்தான் தெரிந்தது. லெஸ் இரண்டு கையாலும் கிரேலை நோக்கி ஓங்கினான். டோரு குறுக்கே பாய்ந்தான். பலகை இருந்திருந்தால் பலகையில் பட்டிருக்கும். ஊசிகள் அவன் தோளில் சட்டையோடு இறங்கின. எலும்பில் இரும்பு மோதும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. டோரு முழங்காலில் விழுந்தான். கிரேல் பின்னால் போய்ச் சாணியில் வழுக்கி உட்கார்ந்தார்.

லெஸ் மறுபடி ஓங்கினான். டோரு விழுந்த இடத்திலிருந்தே அவன் காலை இழுத்தான். லெஸ் முகம் அடிக்கத் தரையில் விழ, முன்பல் ஒன்று உடைந்தது. டோரு அவன் மேல் ஏறி நல்ல கையால் கழுத்தை அழுத்தினான்.

"விடுடா. அந்த நாயி—"

"ஜெயிலுக்குப் போவ பெருசு. கெட. அசையாத."

"என்னைய அடிடா அப்ப. அடி."

டோரு அடித்தான். ஒரே குத்து, தாடையில். லெஸ் அடங்கினான். திறந்திருந்த பட்டிக் கதவு வழியாகப் பன்றிகள் முற்றமெங்கும் ஓடின.

போலீஸ் வந்தது. ஒரே ஒரு இளம் பெண் காவலர். லெஸ்ஸைத் தன் காரின் பின்னிருக்கையில் உட்கார வைத்தாள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. வெளியே கேமராப் பெண் கிரேலின் கால்சட்டையைக் காகிதத்தால் துடைத்தபடி தணிந்த குரலில் சொன்னாள்: "உங்கள அடிக்க வந்தான்னு சொன்னா, ஏன் அடிக்க வந்தான்னு கேப்பாங்க சார்."

கிரேல் மேலங்கியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கேமராவுக்கு முன்னால் நின்றார். "ரெண்டு தொழிலாளிகளுக்குள்ள சண்டை. என் கண் முன்னாலயே நடந்துச்சு. உள்ளூர்க்காரங்களுக்கும் வெளியிலேர்ந்து வந்தவங்களுக்கும் நடுவுல எவ்வளவு கசப்பு இருக்குன்னு பாருங்க. இதனாலதான் அந்த முடிவு அவசியமா இருந்துச்சு."

என்ன நடந்தது என்று காவலர் டோருவிடம் கேட்டாள். "பன்னிக்கு வீசினது," என்றான் டோரு. "நான்தான் குறுக்க போயிட்டேன்."

"அவன் உன் தாடையில குத்தினான்னு எம்.பி. சொல்றாரு?"

"அவரு பயத்துல மாத்திப் பாத்திருப்பாரு. குத்து வாங்கின தாடை பெருசோடது. அதுவும் நான் குடுத்ததுதான்."

ஹிலரி ஜன்னலருகே வந்தாள். கண் வீங்கியிருந்தது. "வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்ன."

"தொறக்கலையே," என்றான் லெஸ். உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது.

அவள் இரண்டாம் கொட்டகையைப் பார்த்தாள். "நாளைக்கு வெளியாள் வந்து சுடுவான். கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

இரண்டு கார்களும் கிளம்பின. கிரேலுடையது முன்னால், போலீஸ் கார் பின்னால். பண்ணையை விட்டுப் போகும் எந்த வண்டியும் வாசலில் சக்கரம் கழுவாமல் போகக் கூடாது. கழுவ வேறு ஆளில்லை. டோரு மருந்துத் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வந்தான். வலது கை தூக்க முடியாமல் தொங்கியது. இடது கையால் குழாயைப் பிடித்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து, கிரேலின் காரில் ஒட்டியிருந்த சாணியையும் ரத்தத்தையும் பொறுமையாகக் கழுவினான். உள்ளே கிரேல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த சட்டைக்குள் டோருவின் தோள் தெரிந்தது. ரத்தம் காய ஆரம்பித்திருந்தது. அடியில் பண்ணையின் எண், நீலமாக, தெளிவாக.

கிரேலின் கார் ஒரு முறை ஹாரன் அடித்தது. டோரு தடுப்புக் கட்டையைத் தூக்கி வழி விட்டான். பிறகு குழாயை அதே இடது கையில் பிடித்தபடி, லெஸ் உட்கார்ந்திருந்த காரின் முதல் சக்கரத்தைக் கழுவக் குனிந்தான்.