அவுட்டரில் நின்ற வண்டி

திருவண்ணாமலை அவுட்டர் சிக்னலில் பாசஞ்சர் வண்டி நின்றதும் உண்ணாமலை புருஷனின் ஊன்றுகட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் செயற்கைக் காலுக்கு அளவு கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் தெற்கே ஒரு ரயிலில் குண்டு வெடித்ததில் தருமனின் வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு இப்போதுதான் ரயிலேறியிருக்கிறான். விழுப்புரத்திலிருந்தே ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை.

எதிர் சீட்டுக்காரனுக்கு முப்பது வயதிருக்கும். கீழே உருண்ட கூஜாவை எடுத்துக் கொடுத்தபோது இரண்டு வார்த்தை பேசினான். இலங்கைப் பேச்சு. அகதி முகாமில் இருப்பதாகச் சொன்னான். தருமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குண்டு வைத்தது யாரென்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. ஆனால் வார்டில் படுத்துக் கிடந்த மாதங்களில் அவன் தனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டிருந்தான். உண்ணாமலைக்கு அது தெரியும்.

சீட்டுக்கடியில் பச்சை ரெக்சின் பை ஒன்று கிடந்தது. யாருடையது என்று ஒருவர் கேட்டார். ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள். மறுபடி கேட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. கதவருகே யாரோ குண்டு என்றார்கள்.

அவள் புருஷனின் தோளைப் பிடிப்பதற்குள் கூட்டம் அவளை நெட்டித் தள்ளி, கட்டைகளோடு கீழே ஜல்லியில் போட்டது. எழுந்து மறுபடி ஏறப் பார்த்தாள், இறங்குகிறவர்கள் வழிவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டி காலி. ஜன்னலில் தருமனின் முகம் மட்டும் தெரிந்தது. அவளைத் தூரப் போகச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவளைத் தாண்டி ஒருவன் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் ஏறினான். எதிர் சீட்டுக்காரன். தருமனை முதுகில் சுமந்துகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து இறங்கினான். சரிவைத் தாண்டிக் கடலைக் கொல்லையில் உட்கார வைத்தான்.

அவன் பேச்சைப் பெட்டியில் கேட்டிருந்த ஒருவர், இவன் சிலோன்காரன் என்று கூட்டத்துக்குக் காட்டிக்கொடுத்தார். முதல் அடி யார் கை என்று தெரியவில்லை. சட்டை கிழிந்தது.

"என்ர பை இல்லை ஐயா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் தண்டவாளத்தோரமாக வந்து சேர்ந்தார். பையை லத்தியால் கவிழ்த்தார். ஈர வேட்டி, விபூதிப் பொட்டலம், ஒரு குழந்தையின் கவுன். வழியில் இறங்கியவர் மறந்துவிட்டுப் போனது. ஜனங்கள் ஒருவரையொருவர் பாராமல் பெட்டியில் ஏறத் தொடங்கினார்கள். ஏட்டு அந்த ஆளின் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. விசாரிக்க வேண்டும் என்றார்.

உண்ணாமலைக்குச் சொல் வாய் வரை வந்தது. ஆனால் போனது புருஷனின் கால். அவன் பேசட்டும் என்று நின்றாள். தருமன் வெகுநேரம் கடலைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டைகளுக்குக் கை நீட்டினான்.

"என்னைத் தூக்கினு வந்தது அவன்தாங்க."

"சரிங்க. நீங்க போய் வண்டில ஏறுங்க."

"ஏறலை. அவனை எங்க இட்டுனு போறீங்களோ, நானும் அங்க வர்றேன்."

சிக்னல் விழுந்து வண்டி அவர்களைக் கடந்து போனது. ஏட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கட்டைகள் ஜல்லியில் நிற்காமல் சறுக்கின. உண்ணாமலை புருஷனின் முதுகைத் தாங்கியபடி வந்தாள். கட்டைச் சத்தம் பின்தங்குவதைக் கேட்டோ என்னவோ, பிடிபட்டவன் தன் நடையைக் குறைத்தான். ஏட்டு இழுத்துப் பார்த்தார். அவன் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, மெதுவாகவே நடந்தான்.